மாமன் பின்னிய ஸ்வெட்டர்

சென்னைவாசிக்கு ஸ்வெட்டர் எதற்கு? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் நம் கல்லூரியில் மிகச் சிலரே. சென்ற பருவத்தில் மதிய இடைவேளைகளில் வேப்ப மரத்தடியில் இரண்டு ஊசிகளும் ஒரு நூல்கண்டுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்களும் சிலரே. "என்னடா, கைக்குழந்தைக்காரி மாதிரி!" என்றான் ஒருவன். "காஷ்மீருக்குச் சுற்றுலாவா?" என்றான் இன்னொருவன். அப்போது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். ஆண்டு மலரில் எழுதக் கட்டுரை கேட்டபோது, என் நினைவுக்கு வந்தது அந்த ஸ்வெட்டர்தான்.

நண்பர்கள் சிரித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். அதுவும் 1895ஆம் ஆண்டு டிசம்பரில். இந்த ஊரைச் சுற்றியுள்ள செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மேயும் 'மெட்ராஸ் சிவப்பு' என்னும் செம்மறி ஆட்டுக்குக்கூட உடம்பில் கம்பளி கிடையாது; வெறும் முடிதான். ஆட்டுக்கே வேண்டாத கம்பளி மனிதனுக்கு எதற்கு? மார்கழியில் சபாக்களின் குளிர்சாதன அரங்குகளுக்குச் சால்வையோடு போகும் பெரியவர்களை விட்டால், எங்கள் கோபாலபுரத்தில் கம்பளியைத் தேடுவோர் அரிது.

ஆனால் என் பாட்டி வேறு மாதிரி. லாயிட்ஸ் சாலை என்று அவள் இன்னமும் சொல்கிற அவ்வை சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சமையலறையும் மேலே இரண்டு அறையுமாக எங்கள் வாடகை வீடு. வேணுகோபால சுவாமி கோயில் மணி காதில் விழும் தொலைவு. பாட்டி தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றும் தெருவில் நரைத்த தலையோடு போகும் அம்மாள்கள் அவளைக் கண்டால் "டீச்சர்" என்று நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். டிசம்பர் நடுவில் குழந்தை பிறக்கும் என்று கணக்கு. "மார்கழிக் குழந்தை, விடியக்காலைப் பனி ஆகாது" என்று பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து பின்னல் ஊசிகளை எடுத்தாள். எடுத்தாளே தவிர, பின்ன முடியவில்லை. கண்ணில் புரை. வலக்கை விரல்கள் முடக்குவாதத்தால் மடங்க மறுத்தன. இரண்டு நாள் முயன்றுவிட்டு ஊசிகளை என் மடியில் போட்டாள்.

"நீ பின்னுடா."

"நானா? அம்மாவைக் கேளு பாட்டி."

"உங்க அம்மாவுக்கு அடுப்படியே சரியா இருக்கு. நீதானே தாய்மாமன்? காது குத்துறப்போ சீர் கொண்டு வரணுமில்லே. கையில காசு இருக்கா? இல்லே. கை இருக்கில்லே, பின்னு."

இந்த வாதத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் மறுப்பு இல்லை. உட்கார்ந்தேன்.

முதலில் நூல் வாங்கத் தி.நகர் போனோம். பாட்டி ஒவ்வொரு கண்டாக எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்தாள். பிறகு என் கழுத்தில் தேய்த்தாள். கடைப் பையன் வேடிக்கை பார்த்தான். "உள்ளங்கை தடிச்ச தோலு, பொய் சொல்லும். கழுத்து சொல்லாது" என்றாள். இழையின் தடிமன்தான் மென்மையைத் தீர்மானிக்கிறது என்று பின்னர் படித்தேன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த கம்பளி இழை தோலில் குத்தும். அதற்குக் கீழே போகப் போக இதமாகும். தென்னிந்தியாவில் நயமான கம்பளிக்குப் பேர் போனது நீலகிரி ஆடு. அந்த இனத்தைக் காக்க உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் பாட்டி தேர்ந்தெடுத்தது ஆட்டையே அறியாத செயற்கை இழை. 'பேபி உல்' என்று பெயர். அடிக்கடி துவைக்கலாம், சுருங்காது, குத்தாது. ஒரு கண்டு 25 கிராம். இளமஞ்சளில் நான்கு கண்டு வாங்கினோம். இந்த 25 கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊசி 10ஆம் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பது பழைய ஆங்கிலேய அளவுமுறை. இன்றும் நம் கடைகளில் அதுதான். பின்னலில் இரண்டே வித்தைகள்: நிட், பர்ல். இருக்கிற கண்ணிக்குள் ஊசியை முன்பக்கமாக விட்டுப் புதுக் கண்ணியை இழுத்தால் நிட். பின்பக்கமாக விட்டு இழுத்தால் பர்ல். ஒரு வரிசை அது, ஒரு வரிசை இது. ஓரங்களில் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று போட்டால் துணி ரப்பர் போல் இழுபட்டு உடம்பைப் பிடிக்கும். உலகத்தின் எல்லா ஸ்வெட்டர்களும் இந்த இரண்டுக்குள் அடக்கம். தறித் துணியில் பாவு ஒன்று, ஊடை ஒன்று. பின்னலிலோ ஒரே நூல். அது தன் கண்ணிக்குள் தானே நுழைந்து நுழைந்து துணியாகிறது. அதனால்தான் அது நெகிழ்கிறது. அதனால்தான் ஒரு முனையை உருவினால் மொத்தமும் பழையபடி நூலாகிவிடுகிறது.

முதலில் மாதிரித் துண்டு ஒன்று பின்னச் சொன்னாள் பாட்டி. 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வரவேண்டும். முதுகுப்புறம் 22 சென்டிமீட்டர் அகலம். ஆகவே 62 கண்ணி. இந்தக் கணக்கு எளிது. கைதான் எளிதில்லை. என் முதல் துண்டு ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகித் தமிழ்நாட்டு வரைபடம் போல் இருந்தது. பாட்டி அதை விரலால் தடவிப் பார்த்தே எத்தனையாவது வரிசையில் கண்ணி விட்டேன் என்று சொன்னாள். ஐந்து முறை பிரித்தேன். ஆறாவது முறை "ம்" என்றாள். தையல் டீச்சர் தரும் முதல் வகுப்பு மதிப்பெண் அது.

பின்னிக்கொண்டிருக்கும்போது அவள் தன் பழைய கதையைச் சொன்னாள். 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது அவளுக்கு 13 வயது. எல்லையில் பனியில் நிற்கும் ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். அவள் வகுப்பிலும் பச்சை நூல் கொடுத்தார்கள். ஒருத்திக்கு முதுகு, ஒருத்திக்கு முன்பக்கம், இவளுக்கு இடக்கை. அவசரத்தில் இவள் பின்னிய கை ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. சொல்லப் பயந்து அப்படியே கொடுத்துவிட்டாள். நவம்பர் 21ஆம் தேதி போர் நின்றது. ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்ததா, யார் போட்டுக்கொண்டது, ஒன்றும் தெரியாது.

"அந்தப் புள்ளையோட மணிக்கட்டு குளிர்ல கிடந்திருக்குமேடா. அறுபது வருசம் ஆச்சு, இன்னும் அது நெஞ்சில இருக்கு. நீ கையை மட்டும் நீளமாப் பின்னு. மடிச்சு விட்டுக்கலாம்."

முதுகுப்புறம் முடிந்து முன்பக்கத்துக்குக் கண்ணி ஏற்றிய வாரத்தில், அக்டோபர் மழை இரவொன்றில், அக்காவுக்கு வலி கண்டது. இரண்டு மாதம் முன்னதாக! ஆட்டோ கிடைத்து அரசு மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். விடிவதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. 32 வாரம். எடை 1,450 கிராம். கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு நிமிடம் பார்த்தேன். என் உள்ளங்கையில் தொடங்கி முழங்கைக்கு முன்பே முடிந்துவிடும் போல் ஓர் உருவம். அதற்கு மாமன் நான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தான் அடுத்த பேருந்தில் வந்து சேர்ந்தார். அதுவரை என் பின்னலைக் கண்டால் கேலி செய்பவர். "எங்க வட்ட மெஷின்ல ஆயிரக்கணக்கான ஊசி மாப்பிள்ளை. நீ ஒரு மாசம் பின்னுறதை அது டீக்குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போட்டுரும்" என்பார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் பின்னிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

முதல் வாரத்தில் குழந்தையின் எடை குறைந்தது. பிறந்த குழந்தைக்கு முதலில் எடை இறங்குவது இயல்புதான் என்று மருத்துவர் சொன்னார். 1,450 என்பது 1,340க்கு வந்தது. 110 கிராம். நான் கையிலிருந்த கண்டுகளை எண்ணினேன். நான்கு கண்டு 100 கிராம். நான் பின்னவிருந்த முழு ஸ்வெட்டரின் எடையை விட அதிகமாக அந்தக் குழந்தை ஒரு வாரத்தில் இழந்துவிட்டது! அந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து என் கை பேச்சுக் கேட்கவில்லை. ஊசியில் கண்ணி நகரவே மறுத்தது.

வீட்டில் பாட்டி அந்தத் துண்டை வாங்கித் தடவினாள். முன்பக்கம் 22 சென்டிமீட்டருக்குப் பதில் 18தான் இருந்தது. கண்ணி எண்ணிக்கை அதே 62. நூலும் அதே நூல்.

"அட்டை மாதிரி இருக்குடா. கை இறுகினா கண்ணி இறுகும். நூல் மெத்துனு இருந்தா மட்டும் போதாது. பின்னுறவன் மூச்சு விடணும்."

கடைக்காரன் கொடுத்த மென்மையை என் பயம் பறித்துவிட்டது. அன்று எனக்கு அது வெறும் கைவேலைப் பாடமாகத்தான் பட்டது.

மறுநாள் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் என் பின்னலைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார். "ஸ்வெட்டரா தம்பி? இப்போ வேண்டாம்" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். குறைமாதக் குழந்தையின் உடம்பு சிறியது. அந்த உடம்புக்குத் தோலின் பரப்போ அதிகம். தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. நமக்கு வியர்க்கிற அறையில் அதற்குக் குளிரும். உடல் வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே போனால், எடை கூட வேண்டிய சக்தி முழுவதும் சூட்டுக்கே செலவாகிவிடும். இதற்கு மருந்து தாயின் மார்பு. குழந்தையின் தோல் தாயின் தோலில் படும்படி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. பிறந்த உடனே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று.

"உள்ளே ஸ்வெட்டர் போட்டால் அம்மா சூடு எப்படிப் போகும்? ஆனால் தலையும் காலும் வெளியே இருக்கும். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை வேண்டும். உங்களுக்குப் பின்னத் தெரியுமே, இவ்வளவு சின்ன அளவு கடையில் கிடைப்பது கஷ்டம். துவைத்துக் கொண்டு வாருங்கள். உள்பக்கம் நூல் எதுவும் தொங்கக் கூடாது. விரலில் சுற்றிக்கொள்ளும்."

நண்பர்களே, ஸ்வெட்டரைப் பிரித்தேன். இறுகிப்போன முன்பக்கம் முழுவதும், இரண்டு வாரத்து வேலை, பத்து நிமிடத்தில் நூலாகி பாட்டியின் மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. பாட்டி நிதானமாகக் கண்டு சுற்றினாள். "நூல் எங்கேயும் போயிடலையே" என்றாள்.

அளவுக்கு என்ன செய்வது? செவிலியர் சொன்ன தலைச்சுற்றளவு 29 சென்டிமீட்டர். சமையலறையிலிருந்து ஒரு பெரிய சாத்துக்குடியைக் கொண்டு வந்து வைத்தாள் பாட்டி. "இதுதான் என் கொள்ளுப்பேரன் தலை. இதுக்குப் போடு." 72 கண்ணி ஏற்றினேன். ஊசியைக் கையில் எடுக்கும் முன் பத்து முறை மூச்சை இழுத்து விடச் சொன்னாள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் தடவிப் பார்த்தாள். அந்த இரவு தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. ஊசிகள் இடிக்கும் ஓசை மட்டும்தான். மூன்று மணிக்குத் தொப்பி முடிந்தது. மூட்டுத் தையலை வெளிப்பக்கமாகப் போட வைத்தாள். "அழகு நமக்கு, மெத்துனு இருக்கிறது குழந்தைக்கு. தையல் வெளியே தெரிஞ்சா என்ன?" வெந்நீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, காலையில் கொண்டு போனேன். அதன் எடையைக் காகிதக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன்: 9 கிராம். தாய்மாமன் சீர்!

அந்த வாரம்தான் வகுப்பில் பிடிபட்டேன். கடைசி பெஞ்சில் மேசைக்கடியில் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் அருகே வந்து நின்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காரணம் கேட்டார், சொன்னேன். அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுப் பேசினார். எகிப்தில் கிடைத்த பழங்காலப் பருத்திக் காலுறைகளில் இந்தக் கலையின் தொன்மை தெரிகிறது என்றார். ஐரோப்பாவில் பின்னல் தொழிலாளர் சங்கங்களில் ஆண்களே நிறைந்திருந்தார்கள். ஜெர்சி என்று நாம் சொல்லும் உடுப்பின் பெயரே பின்னலுக்குப் பேர் போன ஒரு தீவின் பெயர் என்றார். 1589இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் பின்னல் இயந்திரம் செய்தபோது, கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் என்ன ஆவார்கள் என்று எலிசபெத் அரசி உரிமம் தர மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள் என்றும், அந்த இயந்திரத்தின் வழி வந்தவையே இன்றைய திருப்பூரின் இயந்திரங்கள் என்றும் சொன்னார். பிறகு என்னிடம், "காலுறையை முடி. ஆனால் குறிப்பெடுக்கவும் தவறாதே" என்றார். அதன்பின் என்னை யாரும் கேலி செய்யவில்லை. மாறாக, தினமும் காலையில் "இன்னைக்கு எத்தனை கிராம்?" என்று கேட்டார்கள்.

ஆம், எடை ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் 15 கிராம், ஒரு நாள் 20. ஒரு நாளைக்கு ஒரு நூல்கண்டுகூட இல்லை. ஆனால் ஏறியது. தொப்பியால் ஏறியது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. தாய்ப்பாலாலும், அக்கா இரவு பகலாகச் சாய்ந்தே உட்கார்ந்து கொடுத்த மார்புச் சூட்டாலும், அந்தச் செவிலியர்கள் தூங்காமல் விழித்ததாலும் ஏறியது. அக்கா களைத்தபோது அத்தான் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டார். பனியன் கம்பெனிக்காரர் பனியன் இல்லாமல் மகனுக்குச் சூடு கொடுத்தார். அந்த மஞ்சள் தொப்பி அவர் தாடைக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு அசைவதைப் பார்த்தபோதுதான் என் தோள்கள் இறங்கின. அன்று மாலை பின்னிய வரிசைகள் தளர்வாக, ஒழுங்காக வந்தன. பாட்டி தடவிவிட்டு, கேட்காமலேயே "ம்" என்றாள்.

ஐந்து வாரம் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது. மார்கழியில் முன்பக்கத்தை மறுபடி பின்னினேன். கைகள் இரண்டையும் பாட்டி சொன்னபடி ஒரு விரற்கடை நீளமாகவே பின்னினேன். குழந்தையின் தலை நுழையும்போது சிரமப்படாமலிருக்கத் தோளில் இரண்டு பித்தான் வைத்தோம். தை முதல் நாள் காலை, பொங்கல் பொங்கும் நேரத்தில், அக்கா அதை அணிவித்தாள். மடித்துவிட்ட கைகளோடு, மஞ்சள் பொதிக்குள்ளிருந்து மாமனைப் பார்த்தான். எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். பத்தாவது நிமிடம் அவனுக்கு மூக்கு நுனியில் வியர்த்தது. கழற்றிவிட்டோம்.

அவ்வளவுதான். இரண்டரை மாதத்து உழைப்பு, பத்து நிமிட உடுப்பு. நண்பர்கள் மறுபடி சிரிக்கலாம். இம்முறை நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் பாட்டி சிரிக்கவில்லை. கழற்றிய ஸ்வெட்டரின் இடக்கையை மட்டும் எடுத்து, மடிப்பை நீவி, தன் விரலால் அளந்து பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். அந்தச் சொல் எனக்காகச் சொன்னதா, 1962இல் பச்சை நூலோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமிக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மார்கழிக்குள்ள வளர்ந்துடுவான். பிரிச்சு இன்னும் ஒரு கண்டு சேர்த்துப் பெரிசாப் பின்னிடு. இப்பதான் உனக்குக் கை வந்திருக்கே."

சென்னைவாசிக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் விடை இதுதான். நமக்கு வியர்க்கிற இடத்தில் இன்னொருவருக்குக் குளிரலாம். அவருக்கு வேண்டியது என்ன என்று அருகில் இருப்பவரிடம் கேட்டு, வேண்டாததைப் பிரித்து, வேண்டியதைப் பின்னத் தெரிந்திருக்க வேண்டும். பின்னும்போது கை இறுகாமல் இருக்க வேண்டும்.

நூல் எங்கேயும் போய்விடுவதில்லை.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு